கைவேலைக்கும் ஒரு பரிசு

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசு வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு என் வாழ்த்து. பரிசு வாங்காத பிள்ளைகளுக்கு என் பேச்சு.

"கைவேலையும் கல்வியும்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. அதைச் சின்னதாக்கிக்கொண்டு, மண்டப வாசலில் நிற்கிறதே ஓர் அட்டைப் படம், அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன். உள்ளே வரும்போது நீங்கள் எல்லாரும் அதைப் பார்த்திருப்பீர்கள். சிலர் தொட்டும் பார்த்தீர்கள். பரவாயில்லை, தொட்டுப் பார்க்கத்தான் அது.

அது 120 சென்டிமீட்டர் உயரம், 96 சென்டிமீட்டர் அகலம், 24 சென்டிமீட்டர் ஆழம் உள்ள பெட்டிப் படம். 'காதலிக்க நேரமில்லை' என்ற பழைய சிரிப்புப் படத்துக்கு நம் ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் தங்கள் கையால் செய்த விளம்பரம். சாதாரணச் சுவரொட்டிக்கு நீளம், அகலம் இரண்டுதான். இதற்கு ஆழமும் உண்டு. நேரே நின்றால் ஒரு காட்சி. இரண்டடி தள்ளிப் பக்கவாட்டில் நின்றால், முன்னே இருப்பவன் நகர்ந்து பின்னே மறைந்திருப்பவன் எட்டிப் பார்ப்பான்.

இந்த வேலை நடந்துகொண்டிருந்தபோது ஒரு தகப்பனார் வகுப்பு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஐயா, எங்க தாத்தா காலத்துல இருந்து நாங்க கையாலதான் பொழைச்சோம். புள்ளைங்களாவது இதுல இருந்து தப்பிக்கட்டும்னு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினா, நீங்க கத்தரிக்கோலையும் பசையையும் கொடுக்கிறீங்களே?"

நியாயமான கேள்வி. நின்றபடியே ஒரு வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்வியும் அல்ல. இன்று உங்கள் எல்லார் முன்னிலையிலும் அவருக்குப் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் படத்தைப் பற்றி. தலைப்பைக் கேட்டதும் ஒரு தாயார் முகம் சுளித்தார்கள். "சின்னப் புள்ளைங்களுக்குக் காதல் படமா சார்?" என்றார்கள். அம்மா, காதல் தலைப்பில்தான். படம் முழுக்கச் சிரிப்பு. 1964ஆம் ஆண்டு ஸ்ரீதர் இயக்கி, ஈஸ்ட்மென் வண்ணத்தில் வெளிவந்த படம் அது. வின்சென்ட் ஒளிப்பதிவு, விசுவநாதன் - ராமமூர்த்தி இசை. பாலையா, நாகேஷ், முத்துராமன், காஞ்சனா, ராஜஸ்ரீ, சச்சு என்று ஒரு பட்டாளமே நடித்தது. கதாநாயகனாக அறிமுகமானவர் ரவிச்சந்திரன். அவர் நம் கோலாலம்பூரில் பிறந்து, பிறகு திருச்சிக்குப் போய்ப் படித்தவர். ஆக, இந்தப் படத்தில் நமக்கும் கொஞ்சம் பங்குண்டு!

இன்னொரு காரணமும் இருக்கிறது. அது தோட்டத்துக் கதை. பாலையா சின்னமலை எஸ்டேட்டுக்கு முதலாளி. அங்கே வேலை பார்த்த இளைஞன் அசோக். அவன் வேலையைப் பறித்துவிடுகிறார். அவன் அழவில்லை, ஓடவில்லை. முதலாளி பங்களாவுக்கு எதிரேயே கூடாரம் போட்டு, ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, பாட்டுப் பாடி வேலை கேட்கிறான். பிறகு அவன் பெரிய கோடீசுவரனின் மகன் என்று ஒரு பொய் கிளம்புகிறது. அந்தப் பொய்யைக் கேட்டதும் அதே முதலாளி ஓடி வந்து உபசரிக்கிறார். ஆள் ஒருவன்தான், பணம் இருக்கிறது என்றதும் மரியாதை மாறிவிட்டது. நாம் சிரிக்கிற சிரிப்பெல்லாம் அங்கேதான் இருக்கிறது. நாகேஷ் வேறு, ஒரு காசு கையில் இல்லாமல் 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' என்று படக் கம்பெனி வைத்து, அப்பாவிடமே பேய்க்கதை சொல்லி அவரை நடுங்க வைக்கிறார்.

நம் தாத்தா பாட்டிகளுக்கு இது புரிய விளக்கவுரை வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் தோட்டத்துத் திடலில் இரண்டு கம்பு நட்டு வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். பாயை எடுத்துக்கொண்டு பொழுது சாயுமுன்பே இடம் பிடிக்க வேண்டும். இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்பக்கம் உட்கார்ந்து பார்ப்பார்கள். அவர்களுக்கு எழுத்தெல்லாம் தலைகீழ் இல்லை, இடவலம் மாறித் தெரியும். சிரிப்பு மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

இனி வேலைக்கு வருவோம். முதல் நாள் கத்தரிக்கோலைத் தொடவே இல்லை. படத்தைப் போட்டுப் பார்த்தோம். நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். "மூன்று மணி நேரக் கதையை ஒரே பெட்டிக்குள் வைக்க வேண்டும். எந்த ஒரு நிமிடத்தை வைப்பீர்கள்?" என்று கேட்டேன். பேய்க்கதைக் காட்சி என்றார்கள் சிலர். கடற்கரை என்றார்கள் சிலர். கடைசியில் கூடாரக் காட்சிதான் வென்றது.

அடுத்த கேள்விதான் கடினமானது. யார் முன்னே? யார் பின்னே? தட்டையான படத்தில் எல்லாரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிடலாம். ஆழம் உள்ள படத்தில் அந்த வசதி இல்லை. எட்டு எட்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நான்கு அடுக்குகள். முதல் அடுக்கில் நிற்பவன் பெரியவன். கடைசி அடுக்கில் நிற்பவன் சின்னவன். கண்ணின் விதி அது.

"முதலாளியைத்தான் சார் முன்னால வைக்கணும். அவருதானே பெரிய ஆளு" என்றான் ஒரு பையன். "அப்படி வெச்சா அவரு முதுகுதானே தெரியும்? அவரு பங்களாவுல இருக்கணும்ல?" என்றாள் ஒரு பெண். அரை மணி நேரம் வாதம். முடிவில் கூடாரமும் அசோக்கும் முதல் அடுக்கு. இரண்டாவது, வேலிக் கதவு. மூன்றாவது, தாழ்வாரத்தில் பாலையா. நான்காவது, பங்களாவும் மலையும். நாகேஷை மட்டும் எந்த அடுக்கிலும் அடக்க முடியவில்லை. அவர் பெட்டியின் வலப்புறச் சட்டத்துக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அவருக்கு அதுதான் பொருத்தம்.

அளந்து பார்த்தால் அசோக் 50 சென்டிமீட்டர், பாலையா 25 சென்டிமீட்டர். "தொரை குட்டியாயிட்டாரு!" என்று வகுப்பே சிரித்தது. ஆனால் இதில் ஒரு சிக்கல் வந்தது. படத்தில் பாலையாவின் முகம்தானே பாதிச் சிரிப்பு? அதைக் குட்டியாக்கிவிட்டால் சிரிப்பும் குட்டியாகிவிடுமே? பிள்ளைகள் யோசித்து வழி கண்டார்கள். மற்றவர்களையெல்லாம் அட்டையில் தட்டையாக வெட்டி, பாலையாவின் முகத்தை மட்டும் காகிதக் கூழில் புடைப்பாகச் செய்தார்கள். கன்னம் உப்பல், புருவம் தூக்கல். அவருக்கு நேராக ஒரு சிறு விளக்கு. இப்போது வாசலில் போய்ப் பாருங்கள், உங்கள் கண் முதலில் அசோக்கிடம் போகும், அடுத்து நேரே அந்த முகத்துக்குப் போகும். கதையும் அந்த வரிசையில்தான் நடக்கிறது.

இப்படிப் படத்தைப் புடைத்து நிற்கச் செய்வது நமக்குப் புதிதல்ல. தஞ்சாவூர் ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பசையால் நகையையும் மண்டபத்தையும் மேடாக்கி, கண்ணாடிக் கல் பதித்து, தங்கத் தாள் ஒட்டுவார்கள். நவராத்திரிக் கொலுவும் அடுக்குப் படிதான். தைப்பூசத்துக்கு நம் இளைஞர்கள் கட்டுகிற காவடி என்ன? அட்டை, கம்பி, மயிலிறகு, சரிகைத் தாள் எல்லாம் சேர்ந்து தோளில் ஒரு கோபுரமாக எழவில்லையா?

சினிமாவுக்கு இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது சென்னை. அந்தக் காலத்தில் சினிமா பேனர் எல்லாம் கையால் வரைந்தவை. ஒரு சின்னப் புகைப்படத்தின் மேல் கட்டம் போடுவார்கள். பெரிய துணியிலும் அதே எண்ணிக்கையில் கட்டம் போடுவார்கள். இந்தக் கட்டத்தில் உள்ளது அந்தக் கட்டத்துக்கு என்று ஒவ்வொன்றாக மாற்றினால், உள்ளங்கை அளவு முகம் மாடி அளவு முகமாகிவிடும். பலகையில் வரைந்து உருவத்தின் ஓரத்தோடு அறுத்து நிறுத்தினால் அது கட்-அவுட். 1957ஆம் ஆண்டு 'வணங்காமுடி' படத்துக்காகச் சென்னை சித்ரா திரையரங்கில் மோகன் ஆர்ட்ஸ் நிறுத்திய சிவாஜி கணேசனின் பிரம்மாண்டமான கட்-அவுட்டை இன்றும் சொல்வார்கள். உலகப் புகழ் பெற்ற ஓவியர் எம். எப். உசேன் கூட இளமையில் பம்பாயில் சினிமா விளம்பரப் பலகை வரைந்து பிழைத்தவர்தான்.

அந்தக் கட்டக் கணக்கைத்தான் நம் பிள்ளைகளும் செய்தார்கள். முதலில் நாலில் ஒரு பங்கு அளவில் ஒரு மாதிரி: 30 சென்டிமீட்டர் உயரம், 24 அகலம், 6 ஆழம். அதில் 3 சென்டிமீட்டர் கட்டங்கள் போட்டால் மேலிருந்து கீழ் பத்து, குறுக்கே எட்டு, மொத்தம் எண்பது. பெரிய அட்டையில் அதே எண்பது கட்டம், ஒவ்வொன்றும் 12 சென்டிமீட்டர். விகிதக் கணக்கு என்றால் காய்ச்சல் வருகிற ஒரு பையன், கூடாரத்தின் முனை எந்தக் கட்டத்தில் வர வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தான். அவனுக்கு அது கணக்கு என்று நான் கடைசி வரை சொல்லவில்லை.

அட்டைக்குக் காசு செலவில்லை. சாமான் கடைகளில் குளிர்சாதனப் பெட்டி வரும் அட்டைப் பெட்டிகளைக் கேட்டு வாங்கினோம். அந்த அட்டைக்குள்ளே வரி வரியாக நெளிவு ஓடும். அந்த வரி மேலும் கீழுமாக நிற்கும்படி வெட்டினால் உருவம் நிமிர்ந்து நிற்கும். குறுக்கே போனால் தொய்ந்துவிடும். மாவுப் பசையால் வெள்ளைத் தாள் ஒட்டும்போது முன்பக்கம் மட்டும் ஒட்டக்கூடாது. ஈரம் காயும்போது தாள் சுருங்கி அட்டையை வில்லாக வளைத்துவிடும். பின்பக்கமும் ஒட்டினால் இரண்டு பக்கமும் இழுத்து நேராக நிற்கும். நிறத்திலும் ஒரு விதி உண்டு. முன்னே சிவப்பு, மஞ்சள், அழுத்தமான நிறம். பின்னே போகப் போக நீலம் கலந்த வெளிர் நிறம். தூரத்து மலை நம் கண்ணுக்கு அப்படித்தானே தெரிகிறது!

எழுத்துக்கு வருகிறேன். 'காதலிக்க' ஐந்து எழுத்து, 'நேரமில்லை' ஐந்து எழுத்து. இரண்டு வரியாக அழகாக உட்கார்ந்துவிட்டது. ஆனால் 'க்', 'ல்' இரண்டுக்கும் மேலே புள்ளி இருக்கிறதே, அது எழுத்தோடு ஒட்டாமல் தனியே நிற்பது! அட்டையில் வெட்டினால் விழுந்துவிடும். மெல்லிய கம்பியில் குத்தி நிறுத்தினார்கள். இப்போது யாராவது பக்கத்தில் நடந்தால் இரண்டு புள்ளியும் தலையை ஆட்டுகின்றன. அதைப் பார்த்தே சின்ன வகுப்புப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

'லை'யில் ஒரு செய்தி. இன்று நாம் எழுதும் 'லை', தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு அரசாங்க வழக்குக்கு வந்தது. படம் வந்த 1964இல் பெரும்பாலோர் எழுதியது தும்பிக்கை வைத்த பழைய 'லை'. "பழைய படத்துக்குப் பழைய எழுத்துதான் வேண்டும். வீட்டில் யாருக்குத் தெரியும் என்று கேட்டு வாருங்கள்" என்றேன். மறுநாள் ஏழு பிள்ளைகள் தாளோடு வந்தார்கள். தாத்தா எழுதிக் கொடுத்தது, பாட்டி எழுதிக் கொடுத்தது. "எங்க பாட்டிக்கு எழுதத் தெரியும்னு எனக்கு இதுவரைக்கும் தெரியாது சார்" என்றாள் ஒரு பிள்ளை. வாசலில் நிற்கும் 'லை' அந்தப் பாட்டியின் கையெழுத்து.

இப்போது அந்தத் தகப்பனாரின் கேள்விக்கு வருகிறேன்.

அட்டையை ஒழுங்காக மடிக்க வேண்டுமானால் மடிக்கும் கோட்டில் கத்தியால் பாதி ஆழம் மட்டும் கீற வேண்டும். கூடிப்போனால் துண்டாகிவிடும். குறைந்துபோனால் மடிப்பு கோணலாகும். கத்தி வேலையைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும் என்று வைத்திருந்தோம். அன்று உதவிக்கு வந்தவர்களில் பல காலம் பால் வெட்டி ஓய்ந்த ஒரு தாயார் இருந்தார்கள். கத்தியை வாங்கினார்கள். ஒரே இழுப்பு. கோடு விழுந்தது, அட்டை அறவில்லை. அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாம் ஒரே ஆழம். பிள்ளைகள் வாயைப் பிளந்து நின்றார்கள். "இதுல என்னடா இருக்கு? பாதிக்கு மேல போகக்கூடாது, அவ்வளவுதான்" என்றார்கள் அந்த அம்மா.

அவ்வளவுதானா? பெரியோர்களே, பால் மரம் வெட்டுவதை எண்ணிப் பாருங்கள். இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து ஏறக்குறைய 30 பாகைச் சரிவு. ஒரு வெட்டுக்குப் பட்டையில் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான் சீவ வேண்டும். பால் ஓடும் குழாயை அறுக்க வேண்டும். அதற்கும் உள்ளே மரத்தை வளர்க்கும் மெல்லிய படலத்தைத் தொடக்கூடாது. தொட்டால் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு வெட்ட முடியாது. இதை விடியுமுன் நெற்றி விளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடியில், மரம் மரமாக நூற்றுக்கணக்கில் செய்தவர்கள் நம் தாய்மார்கள். கோணமும் ஆழமும் அளவும் அந்தக் கைகளுக்குள் இருந்தன. ஆனால் அதற்கு யாரும் கல்வி என்று பெயர் வைக்கவில்லை. கூலி என்றுதான் பெயர் வைத்தார்கள். கூலியும் போதவில்லை.

ஐயா, நம் பிள்ளைகள் தப்பிக்க வேண்டியது அந்தப் போதாத கூலியிலிருந்து. கையிலிருந்து அல்ல. கையையும் சேர்த்து உதறிவிட்டால், உங்கள் அப்பாவும் அம்மாவும் அறிந்த அந்த அளவையும் சேர்த்து உதறியவர்களாவோம். பிறகு அதைப் பெரிய பள்ளிக்கூடத்தில் பணம் கட்டித்தான் திரும்பப் படிக்க வேண்டும். மருத்துவர் கையில் கத்தி பிடிக்கவில்லையா? பொறியாளர் முதலில் சின்ன மாதிரி செய்து பார்க்கவில்லையா?

ஒரு பொய்யும் சொல்ல மாட்டேன். இந்த வேலை நாளைக்குச் சோறு போடும் என்று சொல்லவில்லை. சென்னையில் பேனர் வரைந்த ஓவியர்கள் ஒரு தலைமுறை முழுக்க, கணினியில் அச்சடிக்கும் பிளெக்ஸ் வந்த பிறகு தூரிகையை வைத்துவிட்டு வேறு வேலை தேடினார்கள். நம்மைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்கள் பலவும் செம்பனையாகவும் வீட்டு மனையாகவும் மாறிவிட்டன. தொழில் வரும், போகும். அளந்து, யோசித்து, பொறுத்திருந்து, காய்ந்த பிறகு அடுத்ததைத் தொடுகிற புத்தி போகாது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டோடு நீங்கிய பிறகு, பிள்ளையை ஒரு தாளை மட்டும் வைத்து எடை போடும் பழக்கமும் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. இதுதான் சமயம்.

ஆகவே, பெற்றோர் ஆசிரியர் சங்கத்துப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றைய பரிசுப் பட்டியலைப் பார்த்தேன். தமிழுக்கு உண்டு, மலாய்க்கு உண்டு, ஆங்கிலத்துக்கு உண்டு, கணக்குக்கு உண்டு, அறிவியலுக்கு உண்டு, ஓட்டப் பந்தயத்துக்கும் உண்டு. கைவேலைக்கு இல்லை. அடுத்த ஆண்டுப் பட்டியலில் அதற்கும் ஒரு வரி சேருங்கள். பெரிய கோப்பை வேண்டாம். ஒரு நல்ல கத்தரிக்கோலும் ஓர் இரும்பு அளவுகோலும் போதும்.

பெற்றோர்களே, விழா முடிந்து போகும்போது வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். பிள்ளையை நேரே நிறுத்தி ஒரு தடவை, பக்கத்தில் நிறுத்தி ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போய் அந்தப் படத்தைத் தாத்தா பாட்டியோடு உட்கார்ந்து பாருங்கள். அவர்கள் எங்கே சிரிக்கிறார்கள் என்று கவனியுங்கள். நேற்று மாலை ஒரு பாட்டி அந்தப் பெட்டிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்கள். "பெரட்டுக் களத்துல தொரை முன்னால நிப்பாரு, நாங்க பின்னால நிப்போம். இங்க மாத்தி வெச்சிருக்குதுங்களே புள்ளைங்க!" என்று சொல்லி, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு நான் தரக்கூடிய மதிப்பெண் அதைவிடப் பெரியதில்லை.